கிள்ளானில் ரயில் ஏறுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலாவைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும்:

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் பேத்தியை அழைத்துக்கொண்டு துணி எடுக்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், சாலைப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா, துன் சம்பந்தன் இங்கே கடை வைத்திருந்தாரா?" என்று கேட்டாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்; நன்றாகப் படிக்கிற பிள்ளை. பள்ளிச் சுற்றுலாவில் இதுவரை இரண்டு முறை நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் ஒரு முறை மீன் காட்சியகத்துக்கும் போய் வந்திருக்கிறாள். அந்தத் தெருவில் அவளோடு நின்று பதில் சொல்ல எனக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்த நானே, எத்தனை பிள்ளைகளை அந்தச் சாலையில் நிறுத்தி அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்? ஒருவரைக்கூட இல்லை.

அதனால்தான் இந்த மடல். இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பேருந்து பேச வேண்டாம். பிள்ளைகளைக் கிள்ளான் நிலையத்தில் கோமுட்டர் ரயில் ஏற்றிப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எப்படி, ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருளுங்கள்.

ரயில் ஏறும் முன் கிள்ளானிலேயே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நிலையத்திலிருந்து நடை தூரத்தில், கிள்ளானின் தலைவராக இருந்த ராஜா அப்துல்லா கட்டிய பழைய கிடங்கு நிற்கிறது. 1857-இல் கட்டியது. உணவும் தளவாடமும் மேலே போகவும், ஈயம் கீழே வரவும் இங்கே தங்கின. அதே ஆண்டில்தான் அவர் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேல்முகமாக அனுப்பினார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் சேற்று முனையில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரை மலேரியா கொண்டுபோனது. அந்தச் சேற்று முனைதான் கோலாலம்பூர். தலைநகரம் பிறந்த கதை கிள்ளானில் தொடங்குகிறது என்பதை நம் பிள்ளைகள் பலருக்கு யாரும் சொன்னதில்லை. 1880 வரை சிலாங்கூரின் தலைநகரமே கிள்ளான்தான்.

கிள்ளான் ஆறு எப்படி ஓடுகிறது என்று அங்கேயே காட்டிவிடலாம். தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் விழுகிறது. ஆற்றின் வாயைப் பிடித்தவருக்கே ஈயத்தின் வரி. 1867 முதல் 1874 வரை நடந்த கிள்ளான் போருக்கு அடிப்படை இதுதான். கோத்தா பாலத்துக்கும் அழைத்துப் போங்கள். மேல் தட்டில் வண்டிகள், கீழ்த் தட்டில் நடப்பவர்கள் என்று இரண்டடுக்காகக் கட்டிய பாலம். கீழ்த் தட்டில் நின்று ஆற்றைப் பார்த்தால் பூகோளப் பாடம் பாதி முடிந்துவிடும்.

பிறகு தெங்கு கிளானா சாலை. பூக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, முறுக்கு சுடும் மணம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவைதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கித்தா மரங்களே நின்றன. இன்று தாமான் என்ற பெயரோடு நிற்கும் குடியிருப்புகள் பலவற்றின் அடியில் ஒரு தோட்டம் இருக்கிறது; லயம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, தோட்டப்பள்ளி எல்லாம் இருந்த தோட்டம். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்கள். 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம்தான் போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-இல் அந்தத் துறைமுகம் திறந்தவுடன் மலேரியா பரவி வேலையே நின்றுபோனது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தின் நீரை வடித்துக் கொசுவைக் குறைத்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. கிள்ளானில் அவர் செய்து காட்டியதை மருத்துவ உலகம் இன்றும் எடுத்துப் பேசுகிறது.

இங்கே ஒரு செய்தியில் மட்டும் நீங்கள் அவசரப்படக் கூடாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே அவர்களை ஒன்று திரட்டினார். அவர்கள் கேட்டவற்றைப் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். ஒழுங்கான மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடையை மூடுங்கள். எங்கள் பெண்களிடம் அத்துமீறாதீர்கள். உறவினர் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வரட்டும். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிப்போக விடுங்கள்.

கடைசிக் கோரிக்கையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கா போராட்டம் என்பார்கள். ஒரு மாணவனை எழுப்பி, வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொல்வேன். நான் எதிரே வரும்போதெல்லாம் அவன் நின்று, தலைகுனிந்து, ஒதுங்க வேண்டும். மூன்றாவது முறைக்கு மேல் எவனும் சிரித்ததில்லை. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள், படையை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது. தெங்கு கிளானா சாலையில் பலகாரம் வாங்கித் தரும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் 1892-இல் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலையும் பார்க்கலாம். ஆனால் வெயில் ஏறும் முன் ரயிலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இனி ரயில். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் தண்டவாளம் திறக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி 1890-இல்தான் அது கிள்ளான் நகருக்குள் வந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் போட்ட பாதை. சரளைக்கல்லைக் கூடையில் சுமந்தவர்களிலும் தண்டவாளத்தைத் தூக்கி வைத்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் நிறைய. பயணச்சீட்டுக் கொடுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், நிலைய அதிகாரிகளாக இருந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த இலங்கைத் தமிழர்கள். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாருக்கும் நடுவே அகலமான இடைவெளி இருந்தது. குடியிருப்பு வேறு, கோயில் வேறு, சம்பளம் வேறு, சம்பந்தம் செய்வதும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மறைத்தால் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் பார்க்கப்போகும் பலவும் புரியாது.

புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்கள் போகும். ஜன்னல் ஓரம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெட்டாலிங் வரும்போது ஒரு வார்த்தை சொல்லலாம்: கோலாலம்பூரில் நெரிசல் தாங்காமல் 1950-களின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டம் ஒன்றின் நிலத்தில் திட்டமிட்டுக் கட்டிய புறநகரம்தான் பெட்டாலிங் ஜெயா. 2006-இல் அது மாநகரமானது. திட்டம் போட்டு வரைந்த ஊருக்கும், யாரும் வரையாமல் தானாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். அடுத்தடுத்த நிலையங்களில் ஒன்றுக்கு அப்துல்லா ஹுக்கும் என்று பெயர். சுமத்திராவிலிருந்து வந்து இந்தப் பக்கம் காடு திருத்திக் கம்பம் அமைத்தவர் அவர். அதற்கு அடுத்ததே பிரிக்பீல்ட்ஸுக்கு நாம் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

இறங்கியதும் பிள்ளைகளை அங்காடிக்குள் விட்டுவிடாதீர்கள். நிலையத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்: 'இந்தக் கட்டடம் எதன்மேல் நிற்கிறது?' சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ரயில்வே யார்டு இருந்த இடம் இது. 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்படும்வரை இந்தப் பகுதி முழுக்க ரயில்வேக்காரர்களின் உலகம். என் தாத்தா தண்டவாளப் பராமரிப்பு வேலைக்காரர். விடியற்காலைச் சங்கு ஊதினால் பிரிக்பீல்ட்ஸில் எந்த வீட்டில் யார் எழுந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியுமாம். அவர் சொன்ன குவாட்டர்ஸ் வரிசைகளில் பெரியது 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு ஊழியர்களுக்காக ரொசாரியோ சாலைப் பக்கம் கட்டிய, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய வீடுகள். நூறு ஆண்டுக்கு மேல் நின்றவை இன்று இல்லை. இடத்தை மட்டும் காட்ட முடியும். அதையாவது காட்டுங்கள்.

ஊரின் பெயருக்குக் காரணம் மண். 1881-இல் முதலில் தீ, பிறகு வெள்ளம் என்று கோலாலம்பூர் ஒரே ஆண்டில் இரண்டு முறை அழிந்தது. பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊர், நெருப்புக்கும் நீருக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆற்றின் வளைவில் நல்ல களிமண் கிடைத்த இந்தப் பக்கம் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவர்களாக இருந்த யாப் ஆ லோய், யாப் குவான் செங் ஆகியோர் பெயர்கள் இந்தச் சூளைகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பழைய கோலாலம்பூரின் சுவர்களுக்கு இங்கே மண் வெட்டினார்கள். ஆங்கிலத்தில் வைத்த பெயரை நாம் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். செங்கல் வயல் என்று பொருள் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பெர்ஹாலா சாலைக்குப் போங்கள். மலாய் மொழியில் பெர்ஹாலா என்றால் தெய்வச் சிலை. சிங்களவர்கள் 1894-இல் சங்கம் தொடங்கிக் கட்டிய பௌத்த மகாவிகாரை அங்கே இருக்கிறது. விசாக நாள் ஊர்வலம் புறப்படுவது அங்கிருந்துதான். அதே சாலைச் சுற்றில் விநாயகர் கோயில், கிருஷ்ணன் கோயில். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் தொடங்கிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் பரதமும் வீணையும் சொல்லித் தருகிறது. நம் பிள்ளைகளோடு சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அங்கே சலங்கை கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சற்றுத் தள்ளித் தமிழ் லூத்தரன் திருச்சபையின் ஆலயம், சீனக் கத்தோலிக்கர் கட்டிய ஜெபமாலை மாதா கோயில், சீனர் கோயில்கள். ஆற்றுப் பக்கம் ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில். நல்லூரை மனத்தில் வைத்து எழுப்பியது. கோயில் வாசலில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவரும் தண்டவாளத்தில் நின்று வேலை செய்தவரும் எங்கெங்கே கும்பிட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். இன்று அந்தப் பிரிவு பெருமளவு கரைந்துவிட்டது. கரைந்ததையும் சொல்லுங்கள்.

விவேகானந்த ஆசிரமத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். விவேகானந்தர் மறைந்து இரண்டே ஆண்டில், 1904-இல் தொடங்கியது. அருகிலேயே அவர் பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. 2014-இல் ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் பேசப்பட்டபோது, நாடு முழுதும் இருந்து நம்மவர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், எழுதினார்கள். பின்னர் அரசு அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தது. ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் போனது, ஆசிரமம் நின்றது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றை எந்தச் சுற்றுலா அட்டையும் முதலில் போடுவதில்லை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருக்கிறது. அதைச் சுற்றியே பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் வளர்ந்தன. நடைபாதையில் மேடிட்ட மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், காரணம் கேட்டிருக்க மாட்டார்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் தோளைப் பிடித்து, அந்த ஓட்டின்மேல் இருபது அடி நடக்கச் சொல்லுங்கள். ஓட்டின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது என்ன வேலை என்று அதன் பிறகு அவர்களே வீட்டில் கேட்பார்கள்.

இப்போது துன் சம்பந்தன் சாலை. என் பேத்தியின் கேள்விக்கு இங்கே நிறுத்திப் பதில் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர். விடுதலை பெற்ற மலாயாவின் முதல் அமைச்சரவையிலேயே இடம்பெற்றவர். பதவிகளைவிடப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டம் கைமாறினால் தொழிலாளிக்கு வேலையும் போகும், வீடும் போகும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பால்வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்த காசு தோட்டங்களையே வாங்கியது. என் தாயார் அதில் பங்கு வைத்திருந்தார். அந்தப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில், எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருந்தார். தன் வாழ்நாளில் தன் பெயரில் இருந்த ஒரே சொத்து என்று அதைச் சொல்வார்.

வளைவுகள், நீரூற்று, வண்ணத் தூண்கள் எல்லாம் 2010-இல் லிட்டில் இந்தியா என்ற பெயரோடு வந்தவை. அந்த அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் அன்றைய பிரதமர் நஜிப்பும் திறந்து வைத்தார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, படம் எடுக்க விடுங்கள். அவற்றோடு நிறுத்திக்கொண்டு பேருந்து ஏறிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அங்குள்ள யானைச் சிலை இந்தியாவைக் காட்டுகிறது. நாம் இந்த மண்ணில் நூற்று ஐம்பது ஆண்டுகளாக என்ன செய்தோம் என்பதை அதனால் காட்ட முடியாது. அதற்குப் பழைய சாலைகளும் கோயில் கல்வெட்டுகளும் பெட்டியில் இருக்கும் பத்திரங்களும்தான் வேண்டும்.

மதியம் வாழையிலையில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். மாலையில் ஒட்டுக்கடை வடையும் தே தாரேயும். செலவு பெரிதாக வராது. சென்ற ஆண்டு பூங்காவுக்குப் பேருந்து பேசிய தொகையில் ஒரு பகுதியில் இதை முடித்துவிடலாம். ஒரு முறைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் உடன் வரட்டும். தாத்தா பாட்டிகள் வந்தால் இன்னும் நல்லது. தோட்டத்தில் பிறந்தவர், குவாட்டர்ஸில் வளர்ந்தவர், ரஜூலா கப்பலில் வந்தவரின் பிள்ளை என்று உங்கள் பள்ளி வாசலிலேயே தினமும் பேரனை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. போவதற்கு முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வரட்டும்: நம் குடும்பம் இந்தப் பள்ளத்தாக்குக்கு முதலில் வந்தது எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு?

அந்த நாற்பது தாள்களையும் எறிந்துவிடாதீர்கள். பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் வையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தமிழ்ப்பள்ளிகள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாப் பள்ளியும் ஓர் ஆண்டு செய்தால் நம் கையில் எவ்வளவு சேரும் என்று எண்ணிப் பாருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எந்தப் பள்ளி முதலில் முன்வந்தாலும் வழிகாட்ட நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், மாலை வேண்டாம். எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். காலை ஏழு மணிக்குக் கிள்ளான் ரயில் நிலையத்து வாசலில், பிள்ளைகள் வரும் முன்பே நிற்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
கிள்ளான்.